முதுகை அளந்தீங்களா?

உங்க காலேஜ் பேக்கை மாட்டிக்கிட்டு கண்ணாடி முன்னாடி கொஞ்சம் சைடா நில்லுங்க பார்ப்போம். பை எங்கே இருக்கு? முதுகிலேயா, இல்லை முதுகுக்கும் கீழே போய் லிஃப்ட் கேட்டுக்கிட்டு தொங்குதா? ஸ்டைலுக்காக பட்டையை முழுசா லூஸ் பண்ணிவிட்டு, ஒரு தோளில் மட்டும் மாட்டிக்கிட்டு நடக்கிறது கேம்பஸுக்கு ஓகே. கேன்டீனுக்கும் கிளாஸுக்கும் நடுவில் மலை எதுவும் கிடையாது. ஆனா அதே பையைத் தூக்கிக்கிட்டு நிஜ மலைக்குக் கிளம்பினா, இரண்டாவது மணி நேரத்தில் தோள்பட்டை உங்ககிட்ட பேச ஆரம்பிக்கும். அதுவும் கெட்ட வார்த்தையில்!

நாங்க போனது பர்வதமலை. திருவண்ணாமலை மாவட்டம். உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில், சுமார் 4,500 அடி. பௌர்ணமிக்குப் பாட்டிமார்கள் எல்லாம் வெறுங்காலோடு ஏறிப் போற மலைதான். அதனால ‘ஜுஜுபி’ன்னு நினைச்சுடாதீங்க. மேலே போகப் போக செங்குத்துப் பாறையில் கடப்பாறையை அடிச்சு, சங்கிலி கட்டி வெச்சிருக்காங்க. அதைப் பிடிச்சுத்தான் ஏறணும். இரண்டு கையும் சங்கிலிக்கு, இரண்டு காலும் பாறைக்கு. பை மட்டும் சும்மா இருக்குமா? உங்களைப் பின்னால இழுத்துக்கிட்டே இருக்கும்.

எங்க கேங்கில் ஆறு பேர், ஆறு விதமான பை. என் ரூம்மேட் அஞ்சடி உயரம்தான். அவங்க அண்ணன்கிட்ட இரவல் வாங்கின நாற்பத்தஞ்சு லிட்டர் பையோட வந்திருந்தா. பார்க்க எவரெஸ்ட்டுக்குப் போற மாதிரி செம கெத்து. ஆனா ஒரு மணி நேரத்தில் ஆள் டோட்டல் டரியல். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் உட்கார்றா, விரலை உதறிக்கிட்டே இருக்கா. ‘என்னடி?’ன்னா, ‘கை மரத்துப் போச்சு’ங்கிறா. எங்களைக் கூட்டிட்டுப் போன அண்ணா திரும்பிப் பார்த்து, ‘உனக்கு ஸ்டாமினா இல்லைம்மா. கீழேயே இருந்துக்கோ, நாங்க போயிட்டு வந்துடறோம்’னு சொல்லிட்டார். அவ முகத்தைப் பார்க்கணுமே! கபடியில் காலேஜ் டீம்ல இருக்கிறவ. அவளுக்கா ஸ்டாமினா இல்லை?

பையைக் கவனிச்சப்பத்தான் மேட்டர் புரிஞ்சுது. இந்த மாதிரி பையோட இடுப்புப் பட்டை, இடுப்பெலும்பு மேலே உட்காரணும். அவளுக்கு அது தொடையில் உட்கார்ந்திருந்தது! தொடையில் கட்டினா நடக்க முடியாதேன்னு பக்கிளை அவிழ்த்து விட்டுட்டா. அப்புறம் மொத்த எடையும் எங்கே போகும்? இரண்டு தோள் மேலேயும்தான். கழுத்திலிருந்து கைக்குப் போற நரம்புகள் தோள் வழியாத்தான் இறங்குது. பட்டை அதை மணிக்கணக்கில் அழுத்தினா விரல் மரத்துப் போகாம என்ன பண்ணும்?

கேங்கிலேயே உசரமான பொண்ணோட இருபது லிட்டர் பையை இவகிட்ட கொடுத்து, அந்தப் பெரிய பையை அவகிட்ட மாத்தினோம். அவளுக்கு அது அளவெடுத்துத் தைச்ச மாதிரி பொருந்திடுச்சு. என் ரூம்மேட்? கடப்பாறைப் பகுதியில் எனக்கு முன்னால ஏறிக்கிட்டிருந்தா. நான்தான் மூச்சு வாங்கிக்கிட்டு அவ செருப்படியைப் பார்த்துக்கிட்டு ஏறினேன்.

ஸோ, பை வாங்கப் போறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிய வேண்டிய அளவு உயரம் கிடையாது பாஸ், முதுகோட நீளம். தலையைக் குனிங்க. கழுத்தடியில் ஒரு எலும்பு முட்டிக்கிட்டு நிக்குதில்லையா, அதுதான் ஸ்டார்ட்டிங் பாயின்ட். இப்ப இரண்டு கையையும் இடுப்பெலும்பு மேலே வெச்சு, கட்டை விரல் இரண்டும் முதுகுப் பக்கம் ஒண்ணையொண்ணு பார்க்கிற மாதிரி நில்லுங்க. அந்த விரல்களுக்கு நடுவில் முதுகெலும்பில் வர்ற இடம்தான் எண்டு. தையல்காரர் இஞ்ச் டேப்பை வெச்சு ஒரு ஃப்ரெண்டை அளக்கச் சொல்லுங்க. திரும்பி வந்ததும் ஹாஸ்டலில் ஒரு ஃப்ளோர் முழுக்க அளந்து தள்ளிட்டோம். என் ரூம்மேட்டுக்குப் பதினஞ்சு இஞ்ச். காமெடி என்னன்னா, அஞ்சடி ஆறு அங்குலம் இருக்கிற இன்னொருத்திக்குப் பதினாறுதான். உசரம் பூரா காலில்! ‘உங்க ஹைட்டுக்கு இதுதான் மேடம் சைஸ்’னு கடைக்காரர் சொன்னா, சிரிச்சுக்கிட்டே டேப்பை எடுங்க.

இடுப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? உங்க பாட்டியைக் கேளுங்க. தண்ணிக் குடத்தை அவங்க எங்கே வெச்சாங்க? இடுப்பில். இல்லேன்னா தலையில் சும்மாடு வெச்சு, அதுக்கு மேலே. தோளில் குடத்தைத் தொங்கவிட்டா நடந்தாங்க? எலும்பு மேலே எடையை உட்கார வெச்சா, கால் வழியா நேரே தரைக்குப் போயிடும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அமெரிக்காவில் டிக் கெல்ட்டிங்கிறவர் 1952-ல் அலுமினிய ஃப்ரேமும் இடுப்புப் பட்டையும் வெச்ச பைகளை விற்க ஆரம்பிச்சார். நம்ம ஊர்க் குடத்துக்கு பேடன்ட் வாங்காம விட்டுட்டோம்!

ஆனா ஒரு உஷார். சின்னப் பைகளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒல்லியா ஒரு இடுப்பு நாடா வரும். அது எடையைத் தாங்காது. பை இடமும் வலமுமா ஆடாம பிடிச்சுக்கிற வேலையை மட்டும்தான் செய்யும். அதே மாதிரி, முதுகுப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஷீட்டோ கம்பியோ இல்லாத பைக்கு எவ்வளவு தடியான பெல்ட் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. பை நடுவில் மடங்கிப் போச்சுன்னா எடை எப்படி இடுப்புக்கு இறங்கும்? நாலஞ்சு கிலோ வரைக்கும் தோளே சமாளிச்சுடும். எட்டு கிலோன்னு போனா எனக்கு ஃப்ரேமும் பஞ்சு வெச்ச பெல்ட்டும் இல்லாம முடியாது.

இப்ப கொஞ்சம் ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ். அரியர் வெச்சவங்க மன்னிக்கவும். பையில் ஆறு கிலோ இருக்குன்னு வெச்சுக்குங்க. அதோட எடை மையம் உங்க முதுகிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி இருந்தா, உங்களைப் பின்னால சாய்க்கிற மொமென்ட் சுமார் 6 நியூட்டன் மீட்டர். அதே ஆறு கிலோ, இருபது சென்டிமீட்டர் தள்ளி இருந்தா 12. எடை ஒரு கிராம்கூட ஏறலை, இழுப்பு மட்டும் டபுள்! அதைச் சமாளிக்க நீங்க முன்னால குனிவீங்க, அதுக்கான பில்லை கீழ்முதுகு கட்டும். சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறப்ப இந்த ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் வித்தியாசம் நல்லாவே தெரியும்.

அதனால கனமான சாமானெல்லாம் முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வர்ற உயரத்தில் இருக்கணும். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. நாலு மணி நேரம் ஏற நான் மூணு லிட்டர் எடுத்துட்டுப் போவேன். பையில் கனமான ஐட்டமே அதுதான். குழாய் வெச்ச தண்ணிப்பையைச் சொருக முதுகை ஒட்டி ஒரு தனி அறை கொடுக்கிறாங்களே, அது பந்தாவுக்கு இல்லை, கணக்கு போட்டு வெச்ச இடம்.

முதுகில் காத்து போகட்டும்னு சில பைகளில் வில் மாதிரி வளைச்சு, வலை கட்டி, பையையே முதுகிலிருந்து தள்ளி நிறுத்தியிருப்பாங்க. கடையில் மாட்டிப் பார்த்தா ஏ.சி. போட்ட மாதிரி இருக்கும். ஆனா எடை பின்னால போகுதே! மேலே போட்ட கணக்கை ஒருதரம் பாருங்க. காட்டுப் பாதையில் நிதானமா நடக்க அது சுகம். பாறை ஏறணும்னா, வேர்த்தாலும் பரவாயில்லைன்னு முதுகை ஒட்டின பைக்குத்தான் என் ஓட்டு. எப்படியும் நம்ம ஊர் வெயிலில் சட்டை நனையத்தான் போகுது.

அடுத்து, இடவசதி. இருபது லிட்டர், முப்பது லிட்டர்னு லேபிளில் போட்டிருக்கே, அதை எப்படி அளக்கிறாங்கன்னு தேடினப்ப எனக்கே ஆச்சரியம். தண்ணி ஊத்தி இல்லை. இருபது மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டைகளைக் கொட்டி நிரப்பி, அதை அளக்கிறதுக்குன்னு ஒரு ஸ்டாண்டர்டே இருக்கு. ஆனா எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி அளக்கிறதில்லை. வெளிப் பாக்கெட்டைச் சேர்க்கிறதும் உண்டு, விடுறதும் உண்டு. லேபிளை நம்பாம உங்க சாமானைப் போட்டுப் பாருங்க. ஒரு நாள் மலைக்கு இருபது முதல் இருபத்தஞ்சு லிட்டர் தாராளம். பெரிசா வாங்கினா, ‘இடம் இருக்கே’ன்னு அடைச்சுக்கிட்டே இருப்போம். மனுஷ குணம்.

பாக்கெட் எத்தனைன்னு எண்ணாதீங்க, எங்கே இருக்குன்னு பாருங்க. சைடு பாட்டிலைப் பையைக் கழட்டாம எடுக்க முடியுதா? இல்லேன்னா நீங்க தண்ணி குடிக்கவே சோம்பல்படுவீங்க. வெயிலில் அது ரிஸ்க். அந்த சைடு பாக்கெட் ஆழமாவும் இருக்கணும். எலாஸ்டிக் தளர்ந்த பாக்கெட்டில் பாட்டிலைச் சொருகிக்கிட்டு கடப்பாறையில் குனிஞ்சு ஏறுறப்ப அது நழுவினா, விழறது உங்களுக்குக் கீழே வர்றவர் தலையில்! அந்த இடம் வர்றதுக்கு முன்னாடி பாட்டிலை உள்ளே போட்டு ஜிப்பை மூடிடுங்க. பிஸ்கட்டை வெளிப் பாக்கெட்டில் வைக்கவே வைக்காதீங்க. பர்வதமலைக் குரங்குகளுக்கு ஜிப் எல்லாம் ஒரு விஷயமே இல்லை.

மழைக்குன்னு பையோட ஒரு உறை வரும். அது வெளிப்பக்கத்தைத்தான் மூடும். உங்க முதுகு வழியா வழியற தண்ணியை என்ன பண்றது? உர மூட்டைக்குள்ளே தடிமனா ஒரு பாலிதீன் பை இருக்குமே, அந்த மாதிரி ஒண்ணைச் சுத்தமானதா வாங்கி உள்ளே போட்டு, அதுக்குள்ளே துணியை வைங்க. வருஷக்கணக்கில் உழைக்கும்.

கடைக்குப் போறப்ப ஒரு லிட்டர் பாட்டில் மூணை நிரப்பி எடுத்துட்டுப் போங்க, ஒரு பெட்ஷீட்டும். காலிப் பை எல்லாமே சுகமாத்தான் இருக்கும். பாட்டிலை பெட்ஷீட்டில் சுத்தி உள்ளே வெச்சு, பட்டை எல்லாத்தையும் லூஸ் பண்ணி, முதல்ல இடுப்பு, அப்புறம் தோள், கடைசியா நெஞ்சுப் பட்டைன்னு இறுக்குங்க. நெஞ்சுப் பட்டை காறை எலும்புக்கு ஓர் அங்குலம் கீழே இருந்தா போதும். கேர்ள்ஸ், இது மேலே கீழே நகர்ற மாதிரி இருக்கான்னு அவசியம் பாருங்க. சில பைகளில் நகராது, கொடுமையா இருக்கும். அப்புறம் கால் மணி நேரம் கடைக்குள்ளேயே நடங்க. மாடிப்படி இருந்தா ஏறி இறங்குங்க. அண்ணாந்து பாருங்க, பின்தலை பையில் இடிக்குதா? கையைத் தூக்கிச் சங்கிலியைப் பிடிக்கிற மாதிரி காட்டுங்க. செக்யூரிட்டி ஒரு மாதிரியா பார்ப்பார். கண்டுக்காதீங்க.

பட்ஜெட் இல்லையா? இருக்கிற காலேஜ் பையிலேயே ஓரளவு ஒப்பேத்தலாம். பழைய யோகா மேட்டை முதுகு அளவுக்கு வெட்டி உள்ளே சொருகினா பாட்டில் குத்தாது. பட்டையை இறுக்கி, பையை மேலே ஏத்தி, துப்பட்டாவை இரண்டு பட்டைக்கும் நடுவில் குறுக்கே கட்டுங்க. நெஞ்சுப் பட்டை ரெடி, செலவு ஜீரோ.

என் ரூம்மேட் போன மாசம் சொந்தப் பை வாங்கிட்டா. பெரியவங்க செக்‌ஷனில் ஒண்ணுகூட அவ பதினஞ்சு இஞ்சுக்கு உட்காரலை. கடைசியில் பசங்க செக்‌ஷனில் கிடைச்சுது, விலையும் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான். பக்காவான ஃபிட்டிங். பின்னாடி சிரிக்கிற ஒரு கரடி படம் மட்டும் இருக்கு. அடுத்த ட்ரிப்புக்குள்ளே மார்க்கர் போட்டு அதுக்கு மீசை வரையணும்னு உட்கார்ந்திருக்கா.