ஊரார் எடுத்த பல்கலைக்கழகங்கள்

கல்விக்கூடங்களை அரசர் நிறுவுவர், பெருஞ்செல்வரும் நிறுவுவர். ஊர் மக்களே ஒன்றுகூடித் தம் கைப்பொருளை ஈந்து நிறுவுவதும் உண்டு. ஊர் கூடினால் தேர் நகரும் என்பர். ஜப்பான் நாட்டின் கியோட்டோ, ஒசாகா என்னும் இரு நகரத்தாரும் கல்வி என்னும் தேரை அவ்வாறே இழுத்தனர்.

கியோட்டோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பேரரசரின் இருப்பிடமாக விளங்கிய நகரம். 1868ஆம் ஆண்டில் ஆட்சி முறை மாறியது. மறு ஆண்டே பேரரசர் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தார். அவரைப் பின்பற்றி உயர்குடியினரும் வணிகர் பலரும் வெளியேறினர். நகரம் பொலிவிழந்தது. எனினும், எஞ்சியிருந்தோர் கன்னத்தில் கைவைத்து வாளாவிருக்கவில்லை. 1869ஆம் ஆண்டிலேயே, தெருவாரியாகக் கூடி, 64 தொடக்கப் பள்ளிகளை எழுப்பினர். நாடு முழுமைக்குமான கல்விச் சட்டம் 1872ஆம் ஆண்டில்தான் பிறந்தது! பள்ளிச் செலவுக்காக, அடுப்பெரியும் வீடு ஒவ்வொன்றும் பணம் கொடுத்தது. பிள்ளை இல்லாத வீடும் கொடுத்தது. அதற்கு 'அடுப்புப் பணம்' என்றே பெயர் வழங்கிற்று.

அந்நகரத்தார் அத்துடன் அமையவில்லை. 1872ஆம் ஆண்டில் சோரென்-இன் என்னும் பௌத்தக் கோயிலில் ஒரு மருத்துவமனை தோன்றியது. நோயாளிகளுக்கு மருத்துவம் செய்வதோடு மாணவர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பிப்பதும் அதன் நோக்கமாயிருந்தது. கோயில் துறவிகளும், நகர மக்களும், ஆடல் பாடலால் பிழைக்கும் தெருவினரும் அதற்குப் பொருள் உதவினர். துறவியின் காணிக்கையும் ஆடுவோரின் ஊதியமும் ஒரே உண்டியலில் சேர்ந்தன.

ஊரார் வளர்த்த இத்தகைய பயிருக்கு ஒரு சோதனை வந்தது. 1887ஆம் ஆண்டில் நடுவண் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. மாகாணங்கள் நடத்தும் மருத்துவப் பள்ளிகளுக்கு அடுத்த ஆண்டு முதல் உள்ளூர் வரிப்பணத்தைச் செலவிடலாகாது என்பதே அவ்வாணை. நாடெங்கும் மாகாண மருத்துவப் பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கியோட்டோ, ஒசாகா, ஐச்சி ஆகிய மூன்று மாகாணங்களின் பள்ளிகள் மட்டும் மூடவில்லை. வரிப்பணம் நின்றபோது, மருத்துவமனை வருவாயையும் மாணவர் கட்டணத்தையும் கொண்டு அவை உயிர் தாங்கின.

எனினும் பல்கலைக்கழகம் என்னும் தகுதி அவற்றுக்குக் கிட்டவில்லை. அத்தகுதி நடுவண் அரசு நிறுவிய பேரரசுப் பல்கலைக்கழகங்களுக்கே உரியதாக இருந்தது. 1918ஆம் ஆண்டின் பல்கலைக்கழக ஆணையே அக்கதவைத் திறந்தது. மாகாணங்களும் தனியார் அறநிலையங்களும் பல்கலைக்கழகம் நடத்தலாம் என்று அது கூறியது. 1919இல் ஒசாகா மருத்துவப் பள்ளியும், 1921இல் கியோட்டோ மருத்துவப் பள்ளியும் பல்கலைக்கழகங்களாயின. ஒசாகாப் பள்ளி 1931ஆம் ஆண்டில் நடுவண் அரசின் நிறுவனமாயிற்று. கியோட்டோப் பள்ளியோ இன்றும் மாகாணத்தின் உடைமையாகவே நிற்கின்றது.

ஒசாகா வணிகர் நகரம். அங்கே 1880ஆம் ஆண்டில், கோடாய் தோமோஅட்சு முதலிய வணிகப் பெருமக்கள் வணிகப் பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கினர். 1889ஆம் ஆண்டில் நகராட்சி அதனை ஏற்றது. அதனைப் பல்கலைக்கழகமாக உயர்த்த நகரத்தார் விழைந்தனர். ஆயின், 1918ஆம் ஆண்டின் ஆணை மாகாணத்துக்கு இடம் தந்ததேயன்றி நகராட்சிக்கு இடம் தரவில்லை. 1928ஆம் ஆண்டில் ஆணை திருத்தப்பட்டது. அவ்வாண்டே ஒசாகா வணிகப் பல்கலைக்கழகம் பிறந்தது. ஜப்பானில் நகராட்சி நிறுவிய முதற் பல்கலைக்கழகம் அதுவே.

அப்போது நகரத் தலைவராயிருந்தவர் செகி ஹாஜிமே. அவர் முன்னர் டோக்கியோவில் பேராசிரியராக விளங்கியவர். அரசுப் பல்கலைக்கழகத்தைப் பார்த்து எழுதிய படியாக நகரப் பல்கலைக்கழகம் இருத்தலாகாது என்பது அவர் கொள்கை. நகரின் தொழிலையும் வாழ்வையும் ஆராய்ந்து, அவ்வறிவை நகருக்கே மீட்டளிப்பது அதன் கடமை என்று அவர் கருதினார். பொருள் கொடுப்பவன் ஊரான். பயனும் ஊருக்கு வரவேண்டுமன்றோ?

இரண்டாம் உலகப் போருக்குப்பின் அப்பல்கலைக்கழகத்தின் கட்டடங்களில் அமெரிக்கப் படையினர் தங்கினர். மாணவர் வேறு பள்ளிக் கட்டடங்களில் ஒதுங்கிப் பயின்றனர். கட்டடங்கள் முழுவதும் திரும்பியது 1955ஆம் ஆண்டில்தான். இதற்கிடையே, 1949ஆம் ஆண்டில் அது ஒசாகா நகரப் பல்கலைக்கழகமாக விரிந்தது. 2022ஆம் ஆண்டில் மாகாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. புதிய நிறுவனத்தின் ஜப்பானியப் பெயருக்கு 'ஒசாகா பொதுப் பல்கலைக்கழகம்' என்பது பொருள்.

இன்று ஜப்பானில் மாகாணங்களும் நகராட்சிகளும் நிறுவிய பல்கலைக்கழகங்கள் ஏறக்குறைய 100 உள்ளன. ஆணை ஒன்றால் வரிப்பணத்தை நிறுத்த முடிந்தது. இது நமது பள்ளி என்னும் எண்ணத்தை நிறுத்த முடியவில்லை. அவ்வெண்ணம் அரண்மனையில் பிறந்ததன்று; பிள்ளை இல்லாத வீட்டு அடுப்படியிலும் பிறந்தது.