பழைய பல்லில் புதுச் செயின்

மோட்டார் சைக்கிளின் செயின் தேய்ந்துதான் நீள்கிறது. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் உரசி இம்மியளவு இடைவெளி விழும். எல்லா இம்மிகளும் சேரும்போது செயின் தொங்கும். தொங்கும் செயின் ஸ்ப்ராக்கெட்டின் பல்லைத் தின்னும். தேய்ந்த பல் அடுத்த செயினைத் தின்னும். செயினையும் முன், பின் ஸ்ப்ராக்கெட்டுகளையும் ஒரே செட்டாக மாற்றச் சொல்வது இதனால்தான்.

அப்பா விட்டுப்போன 1984 புல்லட்டில் செயின் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. வண்டியைப் பட்டறையில் விட்டால், “நீங்க வீட்டுக்குப் போங்கம்மா, முடிஞ்சதும் போன் பண்றேன்” என்பார்கள். அதே வண்டியைத் தம்பி கொண்டுபோனால் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, கழற்றியதைக் கையில் கொடுத்துக் காட்டுவார்கள். பணம் நாங்கள் இருவரும் ஒரே அளவுதான் கொடுத்தோம்.

பழைய புல்லட்டில் பின் ஸ்ப்ராக்கெட் பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. பல் போனால் டிரம்மையே மாற்ற வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதைத் தொட, ஆயிலை வடித்து, இடதுபக்க மூடியைத் திறந்து, ஆல்டர்னேட்டர், பிரைமரி செயின், கிளட்ச் என ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். பழைய செயினின் நுனியில் புதுச் செயினைக் கோத்து இழுத்துவிட்டால் கால்மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். உள்ளே இருக்கும் பல் அப்படியே இருக்கும். என் வண்டியில் பின்னால் 38 பல், முன்னால் 16. பெரியது ஒரு சுற்று சுற்றுவதற்குள் சின்னது இரண்டு சுற்றைத் தாண்டிவிடுகிறது. அதிகம் உழைப்பதும் முதலில் தேய்வதும் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்னதுதான்.

ஒரு பழைய சர்வீஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கழற்றினேன். “அதுக்கெல்லாம் ஆம்பளை பலம் வேணும்” என்றார் சித்தப்பா. கிளட்சைக் கழற்ற அதற்கான புல்லர் இருக்கிறது. இறுகிய நட்டுக்கு ஸ்பேனரில் செருக நீளமான இரும்புக் குழாய் இருக்கிறது. குழாய் இரண்டு மடங்கு நீண்டால் பாதி பலம் போதும். அதைவிட முக்கியம் வரிசை. பின் செயினைக் கழற்றும் முன்பே, டாப் கியரில் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் பிடித்துக்கொள்ள, ஸ்ப்ராக்கெட் நட்டைத் தளர்த்த வேண்டும். அம்மா பிடித்துக்கொண்டார். அந்த நட்டின் மூலைகளில் உளி வைத்து அடித்த வடுக்கள் இருந்தன. ஆம்பளை பலம் அங்கே ஏற்கெனவே வந்துபோயிருந்தது.

கழற்றிய சின்னச் சக்கரத்தின் பற்கள் ஒருபக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருந்தன. அம்மா விரலால் தடவிப் பார்த்தார். “ஊசி மழுங்கிப்போச்சு. நூலை மாத்தி மாத்தி என்ன பிரயோசனம்?” என்றார்.

முப்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவர் அம்மா. பெல்ட் தொய்ந்தால் வெட்டிக் கொக்கி போட்டு இணைப்பார். எங்கே எத்தனை சொட்டு எண்ணெய் என்று அவருக்குத் தெரியும். சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வார். அதை யாரும் மெக்கானிக் வேலை என்று சொன்னதில்லை. வீட்டில் ஒரு பெண் செய்ததால் அது கைவேலை.

இங்கிலாந்தின் பீட்ரிஸ் ஷில்லிங் 1934-இல் புரூக்லாண்ட்ஸ் ஓடுபாதையில் நார்ட்டன் வண்டியில் மணிக்கு நூறு மைலுக்கு மேல் சுற்றினார். 1941-இல், ஸ்பிட்ஃபயர் விமானம் மூக்கைத் தாழ்த்தினால் என்ஜின் திணறும் கோளாறுக்கு, நடுவில் துளையிட்ட ஒரு சின்ன உலோகத் துண்டால் தீர்வு தந்தார். அதுவும் வெளியே தெரியாத சின்னப் பாகம்தான்.

எல்லாப் பெண்களும் ஸ்பேனர் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓடும் வண்டியில் செயின் அறுந்து சிக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், விழுவது ஓட்டுபவள். அதனால் சிலவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது அவள் உயிர் சம்பந்தப்பட்டது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறத்தில் செயினை விரலால் பிடித்து இழுத்தால் பாதிப் பல் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் தேய்ந்துவிட்டது. செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். பட்டறையில், “பழைய சாமானைக் கொடுங்கண்ணே” என்று கேட்டு வாங்குங்கள். முன் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்துத்தான்.