கேட்ட அளவு கொடுக்கும் பம்ப்

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் எந்த ஸ்பேர்ஸ் கடையில் நின்று லாரிக்கு ஃபீட் பம்ப் கேட்டாலும் கவுன்டரில் மூன்று டப்பா வந்து விழும். ஒன்று கம்பெனி டப்பா, ஹோலோகிராம் ஒட்டியது. அடுத்தது லோக்கல் மேக், விலை பாதிக்கும் கீழே. மூன்றாவது, பழைய பாடியைக் கழுவி உள்ளே புது கிட் போட்டு வெள்ளிப் பெயின்ட் அடித்த ரீகண்டிஷன். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஸ்டட் துளைகள் ஒரே இடத்தில் இருப்பதால் எதைப் பிரித்தாலும் எஃப்.ஐ.பி.யில், அதாவது ஃப்யூவல் இன்ஜெக்ஷன் பம்பில், போய் உட்காரும். எதை வாங்குவது என்று வேலை பழக வரும் பையன்கள் கேட்கும்போது நான் சொல்வது இதுதான்: பம்ப் தேர்வைக் கடையில் தொடங்காதே, டேங்க் மூடியில் தொடங்கு.

பெங்களூரில் டீசல் வேலை பழகுகிறவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 1951இல் தொடங்கிய மைக்கோ கம்பெனியின் ஆலை இங்கே ஆடுகோடியில்தான் இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள், அவர்களிடம் பழகியவர்கள் என்று அந்தக் கைப்பழக்கம் கலாசிபாளையம், மைசூர் ரோடு, யஷ்வந்தபுரம் வரை பரவியது. கம்பெனிப் பெயர் 2008இல் பாஷ் என்று மாறிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் மைக்கோ பம்ப்தான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த உஸ்தாத் அந்த வழியில் வந்தவர். கழற்றிய பம்பை அவர் உடனே துடைக்கமாட்டார். எங்கே தூசி கறுத்து அப்பியிருக்கிறது, எங்கே காய்ந்து கிடக்கிறது என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். டீசல் கசியும் இடத்தில்தான் தூசி அப்பும். துணியால் துடைத்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

பழைய டாடா, லேலண்ட் வண்டிகளில் ஃபீட் பம்ப் இன்லைன் எஃப்.ஐ.பி.யின் விலாவில் இருக்கும். எஃப்.ஐ.பி. கேம்ஷாஃப்டின் எக்சென்ட்ரிக் ரோலர் டேப்பட்டைத் தள்ளும்; டேப்பட் ஸ்பிண்டிலைத் தள்ளும்; ஸ்பிண்டில் ப்ளஞ்சரைத் தள்ளும். அந்தத் தள்ளலில்தான் டீசல் ஃபில்டருக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஸ்ட்ரோக்கில் டீசல் ப்ளஞ்சரின் ஒரு பக்க அறையிலிருந்து மறுபக்க அறைக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கேம் விலகியதும் ஸ்பிரிங் ப்ளஞ்சரைத் திருப்பித் தள்ளும். டெலிவரி, சக்ஷன் இரண்டும் ஒரே நேரத்தில் அப்போதுதான் நடக்கின்றன. ஆகவே லைனில் காட்டும் பிரஷர் ஸ்பிரிங்கின் பிரஷர். ஃபில்டரும் எஃப்.ஐ.பி. கேலரியும் நிறைந்து எதிர்ப்பு ஏறினால் ஸ்பிரிங்கால் ப்ளஞ்சரை முழுக்கத் தள்ள முடியாது, ஸ்ட்ரோக் தானாகவே குறையும். எஞ்சின் அதிகம் குடிக்கும்போது ஸ்ட்ரோக் நீளும். பந்தியில் இலையைப் பார்த்துப் பரிமாறுகிறவர் மாதிரி. இதை மனதில் வாங்கிக்கொண்டவன் ‘ஹை பிரஷர் பம்ப், பிக்கப் ஏறும்’ என்கிற பேச்சுக்கு மயங்கமாட்டான்.

கணக்கும் பெரிதல்ல. 130 குதிரைத்திறன் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 25 லிட்டர் எரிக்கும். ஃபீட் பம்ப் அதைவிட நிறையவே கொடுக்கும். மிச்சம் ஓவர்ஃப்ளோ வால்வு வழியாக டேங்குக்குத் திரும்பிவிடும். கேலரியின் சூட்டையும் காற்றுக் குமிழையும் வெளியே கொண்டுபோவது திரும்புகிற அந்த டீசல்தான். சாதாரண ஏ பம்ப் வண்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ பிரஷர் நின்றால் போதும். பெரிய பி பம்புகளுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். ஏ பம்புக்கு வருவது 22 வரிசை ஃபீட் பம்ப், பி பம்புக்கு 24 வரிசை. பழைய பம்பின் எண்ணையும் எஃப்.ஐ.பி. பிளேட்டின் எண்ணையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். லாரி மாடலை மட்டும் சொல்லி வாங்கவே கூடாது, ஒரே பெயர் கொண்ட வண்டியில் நடுவில் எஃப்.ஐ.பி. மாறியிருக்கலாம்.

இனி டேங்க் மூடிக்கு வருகிறேன். ‘ஏற்றத்தில் இழுவை இல்லை, ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் நன்றாக ஓடுகிறது’ என்று டிரைவர் சொன்னால் உஸ்தாத் ஸ்பானரைத் தொடவே மாட்டார். “மூடியைத் திற பேட்டா, காதை வை” என்பார். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் பிரீதர் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். டீசல் போன இடத்துக்குக் காற்று வர வழியில்லாமல் டேங்குக்குள் வேக்குவம் பிடித்திருக்கும். ஒரு மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது.

நம் ஊருக்கு இதில் ஒரு விசேஷமும் உண்டு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. பம்ப் டீசலை இழுக்கிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். பம்ப் ஏற்படுத்தும் வெற்றிடத்துக்குள் வெளிக்காற்றுதான் டீசலைத் தள்ளுகிறது. சென்னையில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இங்கே குறைவு. அதனால் மங்களூரில் லோடு ஏற்றிக்கொண்டு நன்றாகக் கிளம்பிய வண்டி ஷிராடி காட் ஏறி சக்லேஷ்பூர் வருவதற்குள் தடுமாறும். சேலத்திலிருந்து வரும் வண்டி தொப்பூர் ஏற்றத்தில் திணறும். சக்ஷன் பக்கத்தில் உள்ள சின்னக் குறைகூட உயரம், லோடு, சூடு மூன்றும் சேரும் இடத்தில் வெளிப்பட்டுவிடும்.

அப்படித்தான் ஒரு லேலண்ட் வந்தது. வேறொரு பட்டறையில் ஃபீட் பம்பை இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள். டிரைவர் இரண்டு பில்லையும் எடுத்து நீட்டி, “மேஸ்திரி, மூணாவது பம்ப் மட்டும் போடாதீங்க” என்றார். ஒரு கேனில் டீசல் ஊற்றி கேபினில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்குக் குழாய் கொடுத்து ஓட்டிப் பார்த்தோம். வண்டி தடையில்லாமல் இழுத்தது. பம்ப் குற்றவாளி இல்லை என்பது அந்தக் கேனிலேயே தெரிந்துவிட்டது. டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸை அறுத்துப் பார்த்தால் வெளியே புதுசு மாதிரி இருந்தது. உள் அடுக்கு உரிந்து, இழுக்கும்போது நாக்கு மாதிரி மடங்கி வழியை அடைத்தது. மூன்றடி ஹோஸ் மாற்றியதோடு வேலை முடிந்தது. கேன் கட்டிப் பார்க்காமல் ஃபீட் பம்ப் வாங்கப் போகக்கூடாது என்பது எங்கள் பட்டறையில் சட்டம்.

ஏர் பிடிக்கிற இடத்தைத் தேடவும் முறை இருக்கிறது. சக்ஷன் பக்கம் சோப்புத் தண்ணீர் பயன்படாது. அங்கே காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடிக் குழாய் போட்டுக் குமிழைப் பாருங்கள். பிறகு சந்தேகப்படும் ஒவ்வொரு பேஞ்சோ ஜாயின்டிலும் கிரீஸை அப்புங்கள். எந்த இடத்தில் அப்பும்போது குமிழ் நிற்கிறதோ அங்கேதான் காப்பர் வாஷர் போயிருக்கிறது. பழைய வாஷரைத் திருப்பிப் போடும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிட வேண்டும். வழியில் வேறு வாஷர் கிடைக்காவிட்டால் பழையதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடி இளகும்; ஊர் வந்து சேர அது போதும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பம்ப்தான் கெட்டது என்றால் கடைக்குப் போகலாம். டப்பாவைக் கடைக்காரர் முன்னாலேயே பிரியுங்கள். முதலில் டேப்பட்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள். உறுத்தல் இல்லாமல் போய், விட்டதும் முழுக்கத் திரும்பி வரவேண்டும். சக்ஷன் துளையை விரலால் மூடிக்கொண்டு ஹேண்ட் பிரைமரை அடித்தால் விரலைப் பிடித்து இழுக்க வேண்டும், அந்தப் பிடி உடனே விடக்கூடாது. டெலிவரித் துளையை மூடி அடித்தால் பிரைமர் கையை எதிர்க்க வேண்டும். இழுக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை என்றால் வால்வு சீட்டில் உட்காரவில்லை. ஃபிளேஞ்ச் முகத்தைக் கடைக் கண்ணாடி மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் எத்தனை கேஸ்கெட் போட்டாலும் ஆயில் கசியும்.

கடைசியாக ஸ்பிண்டில். பம்பின் உயிர் அங்கேதான். ஸ்பிண்டிலும் அதன் துளையும் ஒன்றோடொன்று லேப் செய்த ஜோடி. டீசலில் நனைத்துச் செங்குத்தாகப் பிடித்தால் தன் எடையில் மெதுவாக இறங்க வேண்டும். சட்டென்று விழுந்தால் தளர்ச்சி, நின்றுவிட்டால் இறுக்கம். தளர்ந்த ஸ்பிண்டில் வழியாக டீசல் எஃப்.ஐ.பி.யின் கேம் அறைக்குள் இறங்கும், எஞ்சின் ஆயிலில் ஓடும் எஃப்.ஐ.பி.யாக இருந்தால் அங்கிருந்து சம்புக்கும் போகும். ஒரு ஓனர் புதுப் பம்ப் போட்டதிலிருந்து ஆயில் குறையவே இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். உஸ்தாத் டிப்ஸ்டிக்கை இழுத்து ஒரு சொட்டை நியூஸ்பேப்பர் மேல் விட்டார். நடுவில் கறுப்பு, சுற்றிலும் வெளிறிய வளையம் அகலமாகப் பரவியது. ஆயிலில் டீசல் கலந்திருந்தது. அந்த மாதமே அந்த வண்டிக்கு பேரிங் வேலை வந்திருக்கும். ஆயில் குறைவதைவிட ஏறுவதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அந்த வளையத்தைப் பார்த்துத்தான்.

ஜோடி விஷயம் தெரிந்தால் ரீகண்டிஷனைப் பற்றியும் தெளிவு வரும். வண்டியின் சொந்தப் பம்பைப் பிரித்து, ஸ்பிண்டில் நன்றாக இருப்பதைப் பார்த்து, வால்வு, ஸ்பிரிங், ஓ ரிங் மாற்றி பெஞ்சில் ஓட்டிப் பார்த்தது என்றால், முகம் தெரியாத புதுப் பம்பைவிட அதற்கே என் ஓட்டு. ஐந்து பம்பின் உறுப்புகளைக் கலந்து ஒன்றாகக் கட்டி பெயின்ட் அடித்தது என்றால் இனாமாக வந்தாலும் வேண்டாம். லோக்கல் மேக்கையும் பெயரைக் கேட்டே ஒதுக்கத் தேவையில்லை. மேலே சொன்ன சோதனையில் தேறினால் போடலாம். ஆனால் கிட் எப்போது செய்தது என்று கேளுங்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது டீசலில் கந்தகம் 50லிருந்து 10 பி.பி.எம். ஆகக் குறைந்தது; பயோடீசல் கலப்பும் வந்திருக்கிறது. பழைய ஸ்டாக் ரப்பர் இந்த டீசலில் ஊறி உப்பும் அல்லது காய்ந்து சுருங்கும். வைட்டான் ஓ ரிங் கேட்டு வாங்குங்கள். விலை வித்தியாசம் ஒரு டீ, பன் காசுதான்.

ஸ்பிரிங்கோடு விளையாடுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். பிரஷர் ஏறட்டும் என்று ஒரு பையன் ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போட்டிருந்தான். கேஜில் முள் ஏறியதைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். ஃபில்டர் கேஸ்கெட் வியர்க்க ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் ஸ்பிரிங் உடைந்து துண்டு வால்வில் சிக்கி, வண்டி நடுரோட்டில் நின்றது. உஸ்தாத் அவனைத் திட்டவில்லை. புது ஸ்பிரிங்கையும் நீட்டிய ஸ்பிரிங்கையும் கண்ணாடி மேல் நிற்கவைத்துக் காட்டினார். நீட்டியது சாய்ந்து நின்றது. சாய்ந்த ஸ்பிரிங் ப்ளஞ்சரை ஒரு பக்கமாகத் தேய்க்கும் என்று அதற்குமேல் சொல்லவேண்டி இருக்கவில்லை.

இப்போது வரும் காமன் ரெயில் வண்டிகளில் கதை வேறு. பெரும்பாலும் ஹை பிரஷர் பம்பின் பின்னாலேயே ஒரு கியர் பம்ப் இருந்து, வாட்டர் செப்பரேட்டர் வழியாக டீசலை இழுத்துக்கொள்ளும். ரெயிலில் 1600 பார், அதற்கும் மேல். இதற்கு முன்னால் ஒரு எலெக்ட்ரிக் லிஃப்ட் பம்ப் வைத்தால் நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். இன்லெட்டில் கம்பெனி சொன்ன அளவைத் தாண்டிப் பிரஷர் கொடுத்தால் ஷாஃப்ட் சீல் போய், மறுபடி டீசல் எஞ்சின் ஆயிலுக்குப் போகும். இழுவை குறைந்தால் முதலில் ஃபில்டரையும் லைனையும் பாருங்கள். எலெக்ட்ரிக் பம்ப் நியாயமாகத் தேவைப்படும் இடமும் உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் போல டேங்க் தூரத்தில், லைன் நீளமாக இருந்தால் தாராளமாகப் போடலாம். 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் பம்ப்தான். ரிலே, ஃபியூஸ் கட்டாயம். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி ஆயில் பிரஷர் சுவிட்சோடு சேருங்கள். பம்ப் செத்தாலும் டீசல் போக பைபாஸ் வேண்டும். இடம் எஞ்சின் பக்கம் கூடாது. டேங்குக்கு அருகில், டேங்கின் அடி மட்டத்தில். எந்தப் பம்புக்கும் தள்ளுவது சுலபம், இழுப்பது கஷ்டம்.

பம்ப் பூட்டிய பிறகு செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் கேஜ் வைத்து, ஐடிலிலும் முழு ஆக்சிலரேட்டரிலும் என்ன காட்டுகிறது என்று பில்லின் பின்னால் எழுதிக் கொடுங்கள். அடுத்த தடவை வண்டி வரும்போது இரண்டு கேஜுக்கும் வித்தியாசம் கூடியிருந்தால் ஃபில்டர் அடைப்பு. இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் பம்ப் அல்லது சக்ஷன். பழைய பம்பை ஓனர் கையிலேயே கொடுத்து, எது தேய்ந்தது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். முதல் நீண்ட ட்ரிப் போய் வந்ததும் ஸ்ட்ரெய்னர் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள், டேங்கின் துருவும் தண்ணீரும் அங்கே வந்து நிற்கும்.

தொழிலுக்கு வருகிற தம்பிகள் முதல் சம்பளத்தில் பெரிய டூல் பாக்ஸ் வாங்க ஆசைப்படுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ், ஒரு வேக்குவம் கேஜ், இரண்டு முழம் கண்ணாடிக் குழாய், ஒரு கேன், ஒரு நோட்டு இவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். கேஜ் பார்க்காமல், நோட்டில் எண் எழுதாமல் எந்த வண்டிக்கும் ஃபீட் பம்ப் மாற்றாதீர்கள்.