முகவரியைப் பார்க்கப் போனோம்

என் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் முகவரியில் நான் ஒருநாளும் வசித்ததில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் லிவிங்ஸ்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு கட்டடம் எனக்கு வரும் கடிதங்களை வாங்கி வைத்து, நான் எந்தப் பாலைவனத்தில் கிடக்கிறேனோ அதற்குப் பக்கத்துத் தபால் நிலையத்துக்கு அனுப்பி வைக்கும். என்னைப் போல வீட்டைச் சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டு திரியும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த ஊர்தான் முகவரி. வங்கி, காப்பீடு, வரி எல்லாம் அங்கே. ஆள் மட்டும் கிடையாது.

"அப்ப உன்ற வீடு எங்க கண்ணு இருக்குது?" என்று அம்மா போனில் கேட்டார். "பின்னாடியே வருதும்மா" என்றேன். நிஜமாகவே பின்னால் வந்துகொண்டிருந்தது. பிக்கப் டிரக்கில் கொக்கி போட்டு இழுக்கும் 24 அடி ட்ரெய்லர். அம்மா சிரிக்கவில்லை. "உங்கப்பன் முப்பது வருசம் லாரியிலயே கெடந்தாரு. ஸ்டவ்வ வண்டியில வெச்சுகிட்டு, ரோட்டோரமா நிறுத்தி ஆக்கித் தின்னுட்டு. அதுல இருந்து நீயாச்சும் தப்பிக்கோணும்னுதான உன்னையப் படிக்க வெச்சோம்?"

எங்கள் ஊர் சங்ககிரி. லாரி இல்லாத தெரு அங்கே குறைவு. அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. 2021இல் அலுவலகம் இனி யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது, ஃபீனிக்ஸில் வாடகை ஏறிக்கொண்டே போனது, ஒரு மணவாழ்க்கை முடிந்திருந்தது. இந்த மூன்றில் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல வராது. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். கிரீன் கார்டு கையில் வந்த பிறகுதான் இதைச் செய்ய முடிந்தது. எச்1பி விசாவில் இருப்பவர் வேலை பார்க்கும் இடம் வேறு வட்டாரத்துக்கு மாறினாலே நிறுவனம் புதிதாக மனுப்போட வேண்டியிருக்கும். சுதந்திரம் சுதந்திரம் என்று இன்ஸ்டாகிராமில் போடுகிறவர்கள் இந்தக் காகிதச் சங்கதியைப் போடுவதில்லை.

அப்பா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டயரு எந்த வருசத்து டயரு?" எனக்குத் தெரியவில்லை. வீடியோ காலில் டயரைக் காட்டச் சொன்னார். பக்கவாட்டில் அச்சடித்த எண்களில் கடைசி நான்கைப் படிக்கச் சொன்னார். 2315. "இருபத்தி மூணாவது வாரம், ரெண்டாயிரத்துப் பதினஞ்சு. பட்டன் தேயவே இல்லீன்னு ஏமாந்துறாத. நிக்கற வண்டிக்கு டயரு தேயாது, வெடிக்கும். நாலையும் மாத்து." மாற்றினேன். அமெரிக்காவில் என் வாழ்க்கையைப் பற்றி அப்பாவுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது அன்றைக்குத்தான் முதல்முறை.

முதல் குளிர்காலத்தை அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்ற ஊரில் கழித்தேன். ஊரில் நிரந்தரமாக இருப்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். ஜனவரியில் போனால் நாலா பக்கமும் பாலைவனம் முழுக்க வெள்ளைப் பெட்டிகளாக வண்டிகள் நிற்கும். அங்கே பெரும்பாலான நிலம் மத்திய அரசுடையது. சாதாரண இடங்களில் இலவசமாக 14 நாள் தங்கலாம், பிறகு இடம் மாற்றிவிட வேண்டும். லா போசா என்ற பகுதியில் 180 டாலர் கட்டினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை இருக்கலாம். ஏழு மாத வாடகை 180 டாலர்! மின்சாரம் கிடையாது, குழாய் இணைப்பு கிடையாது. தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் ஓர் இடம் உண்டு.

வண்டி வாழ்க்கை என்றால் மலைமுகட்டில் காப்பிக் கோப்பை என்று நினைத்துக்கொண்டு போனேன். அது வாரத்தில் ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் கணக்கு. நல்ல தண்ணீர் 40 காலன், அதாவது சுமார் 150 லிட்டர். ஒரு நாளைக்கு நாலு காலனுக்குள் முடித்தால் பத்து நாள் ஓடும். சூரியத் தகடு 400 வாட். மேகம் போட்டால் மடிக்கணினியா, விளக்கா என்று யோசிக்க வேண்டும். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவியதும் ஒரு தொட்டிக்குப் போகும், அதற்கு கிரே டாங்க் என்று பெயர். கழிப்பறைக் கழிவு பிளாக் டாங்குக்கு. ரசம் வைத்த பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவுவேன். ஊரில் பார்த்தால் சிரிப்பார்கள்.

பிளாக் டாங்கில்தான் கேப்டன் அறிமுகமானார். அவர் கப்பல் கேப்டனெல்லாம் இல்லை. ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். எல்லோரும் அப்படிக் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். அப்போது வயது 77. மனைவி இறந்த பிறகு 28 அடி மோட்டார் ஹோமில் பதினொரு வருடமாகத் தனியாக இருந்தார். கழிவு கொட்டுமிடத்தில் நான் குழாயோடு திணறுவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"முதல்ல பிளாக். அப்புறம் கிரே. சோப்புத் தண்ணி பின்னாடி வந்தாத்தான் குழாய் கழுவும்" என்றார். "இன்னொண்ணு. எப்பவாவது குழாய் இணைப்பு உள்ள இடத்துல தங்கினா, பிளாக் வால்வைத் திறந்து போட்டுட்டுத் தூங்கிடாதே. தண்ணியெல்லாம் வழிஞ்சு போயிடும், மத்தது உள்ளேயே குவியும். காயும். இந்த ஊர்ல ஏற்கெனவே ஒரு பிரமிட் இருக்கு, அது போதும்."

அந்தப் பிரமிட் நிஜம். ஊர்க் கல்லறையில் கல்லால் கட்டியது, உச்சியில் உலோக ஒட்டகம். 1856இல் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களை வரவழைத்தபோது கூடவே வந்த ஹாஜி அலியின் கல்லறை. அமெரிக்க வாயில் அந்தப் பெயர் ஹை ஜாலி ஆகிவிட்டது. ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது, ஊர் திரும்பாமல் இங்கேயே இருந்து 1902இல் இறந்தார். என் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தாண்டிக் கேப்டனால் சொல்ல முடியாது. அதனால் எனக்கு ஹை ஜாலி மேல் ஒரு பிரியம்.

கேப்டனைச் சுற்றி நாங்கள் நாலு பேர் சேர்ந்தோம். வேனில் தனியாகத் திரிந்த ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். அப்புறம் இருபதுகளின் கடைசியில் ஓர் இளம் ஜோடி. அக்டோபரில் வடக்கு டகோட்டா பக்கம் சர்க்கரை பீட் அறுவடைக்குப் போய் 12 மணி நேர ஷிப்ட் அடிப்பார்கள், அந்தக் காசில் குளிர்காலம் முழுக்கப் பாறை ஏறுவார்கள். சனிக்கிழமைகளில் நான் சாம்பார் வைப்பேன். நர்ஸ் அதை சூப் என்று நினைத்து அப்படியே குடிப்பார். நான் திருத்தவில்லை.

அடுத்த குளிர்காலமும் அங்கேயே கூடினோம். 2023 பிப்ரவரியில் பாம் கேன்யனுக்கு நடக்கப் போனோம். குவார்ட்ஸைட்டிலிருந்து தெற்கே 18 மைல், அங்கிருந்து மண் சாலை, பிறகு அரை மணி நேர ஏற்றம். கோஃபா மலையில் ஒரு பிளவு. அதற்குள், இலைகள் உதிராமல் உடம்போடு தொங்கப் பாவாடை கட்டியது போல, விசிறிப் பனைகள். சுற்றிலும் கள்ளியும் கல்லும், செங்குத்தான பாறை இடுக்கில் மட்டும் பச்சை. நண்பகலில் கொஞ்ச நேரம்தான் அங்கே வெயில் இறங்கும். பனையைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நம்ம ஊர்ப் பனை வேறு, இது வேறு என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

கேப்டன் நேராகப் பார்க்கவில்லை. கோழி பார்ப்பது போலத் தலையைத் திருப்பி, ஓரக் கண்ணால் பார்த்தார். "எத்தனை மரம் இருக்கு?" என்று கேட்டார். அவர் இருபது முறையாவது வந்த இடம். இறங்கும்போது ஒரு கல்லைத் தவறவிட்டு என் தோளைப் பிடித்தார், பிறகு விடவே இல்லை. நர்ஸ் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவுக்குக் கண் மங்கியது எங்கள் யாருக்கும் முதலில் தெரியாது. கிளீனருக்குத்தான் தெரியும். எதிரே வண்டி வந்தாலே "ஒதுக்கி வாங்கண்ணா, ஒதுக்கி வாங்கண்ணா" என்று கொஞ்சம் முன்கூட்டியே கத்த ஆரம்பித்தானாம். ஒரு வருடம் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு ஜோடிக் கண்ணை ஓட்டியிருக்கிறார்கள். ஒருநாள் இரவு பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உரசிய பிறகுதான் வீட்டுக்கு வந்து சாவியை அம்மாவிடம் கொடுத்தார்.

அந்த வார இறுதியில் தீ மூட்டி உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் நேராகவே கேட்டுவிட்டார். கேப்டன் கொஞ்ச நேரம் விறகைக் கிளறினார். ஃபீனிக்ஸில் டாக்டரைப் பார்த்தாயிற்று என்றார். மாக்குலர் டிஜெனரேஷன். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போகும், ஓரப் பார்வை மிஞ்சும். ஒரு கண்ணில் ரத்தக்கசிவு தொடங்கியிருந்ததால் நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். "எதிர்ல இருக்கிற உங்க முகம் தெரியல. அதுக்குப் பக்கத்துல இருக்கிற மலை தெரியுது" என்றார்.

வீட்டில் இருப்பவருக்குக் கண் போனால் கார் போகும், வீடு இருக்கும். எங்களுக்கு இரண்டும் ஒன்று. அன்று எல்லோரும் நெருப்பைப் பார்த்துக்கொண்டு அதைத்தான் யோசித்தோம் என்று நினைக்கிறேன். அந்த இளம் ஜோடி உட்பட.

இடம் நர்ஸுக்குத் தெரிந்திருந்தது. லிவிங்ஸ்டன்! ஜோ, கே பீட்டர்சன் என்ற தம்பதி 1978இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் சங்கம், வண்டி ஓட்ட முடியாமல் போன தன் உறுப்பினர்களுக்காக அங்கே ஓர் இல்லம் நடத்துகிறது. அவரவர் வண்டியிலேயே இருக்கலாம். மூன்று வேளை சாப்பாடு பொதுக்கூடத்தில். மருத்துவமனைக்கு அவர்களே கூட்டிப்போவார்கள். "முதியோர் இல்லம்" என்றார் கேப்டன் கசப்பாக. "உங்க கட்டில்ல தூங்கற முதியோர் இல்லம்" என்றார் நர்ஸ்.

மார்ச்சில் இடம் கிடைத்துக் கிளம்பினோம். 1,300 மைலுக்கு மேல், நான்கு நாள். கேப்டனின் மோட்டார் ஹோமை நான் ஓட்ட, அவர் பக்கத்து இருக்கையில். அந்தப் பையன் என் டிரக்கையும் ட்ரெய்லரையும் இழுத்துவர, அவன் தோழி அவர்கள் வேனில். நர்ஸ் வரவில்லை. கேப்டனைக் கட்டிப்பிடித்து "வழியில பார்ப்போம்" என்றார். இவர்கள் யாரும் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை, இதுதான் வழக்கம். அன்றைக்கு அது எனக்குப் பொய்யாகப் பட்டது.

இரண்டாம் நாள் நியூ மெக்சிகோவில் லார்ட்ஸ்பர்க் வருவதற்கு முன்பே காற்று பிடித்துக்கொண்டது. வற்றிய ஏரிப்படுகை அது. மண் எழுந்தால் சாலையே தெரியாது. அதற்காக வரிசையாக அறிவிப்புப் பலகைகள் வைத்திருப்பார்கள். முதல் பலகையை நான் படிக்கும் முன் கேப்டன் சொல்ல ஆரம்பித்தார். "சாலையை விட்டு விலகு. வண்டியை அணை. பிரேக்குல இருந்து காலை எடு. பெல்ட்டைக் கழட்டாதே." நான்கு பலகைகளும் அதே வரிசையில் வந்தன.

"பிரேக்ல இருந்து ஏன் காலை எடுக்கணும்?" என்று கேட்டேன்.

"உன் பின்விளக்கு எரிஞ்சா, பின்னால வர்றவன் அதைச் சாலைன்னு நம்பி உன்மேலயே வந்து மோதுவான். வலதுல ஒரு எக்ஸிட் வரும், எடு."

வந்தது. எடுத்தேன். மூன்று வண்டிகளையும் ஒதுக்குப்புறமாக நிறுத்தி விளக்கையெல்லாம் அணைத்தோம். வெளியே எல்லாம் பழுப்பு. வண்டி தொட்டில் மாதிரி ஆடியது.

"பலகையை எப்படிப் படிச்சீங்க?"

"படிக்கல. ரெண்டு வருஷமா எதையும் படிக்கல." கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார். "மின்கம்பமெல்லாம் இடுப்புல வளைஞ்சு தெரிய ஆரம்பிச்சுது. தெரிஞ்ச வழியிலேயே போனா போதும்னு நினைச்சேன். முன்னாடி போற லாரியோட ஓரத்தைப் பார்த்துக்கிட்டே ஓட்டுவேன். நாற்பது வருஷம் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போனவன். ஒரு கீறல் கிடையாது. கடைசி ரெண்டு வருஷம் யாரையாவது கொன்னிருப்பேன்."

என்ன சொல்வது என்று தெரியவில்லை. அப்பாவைப் பற்றிச் சொன்னேன். கிளீனர் கத்தியதைச் சொன்னதும் சிரித்தார். "அந்தப் பையனுக்குச் சம்பளம் ஏத்திக் கொடுத்தாரா?" என்று கேட்டார். நான் அப்பாவிடம் அதைக் கேட்டதே இல்லை. அன்று இரவு எல் பாசோவிலிருந்து கூப்பிட்டுக் கேட்டேன். "ஏத்திக் குடுக்கல" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "குடுத்திருக்கோணும்."

லிவிங்ஸ்டனில் பைன் மரங்கள், பிசுபிசுவென்று ஈரம். பாலைவனத்தில் இரண்டு வருடம் வெடித்துக் கிடந்த என் உதடு ஒரே நாளில் ஆறியது. என் முகவரியையும் போய்ப் பார்த்தேன். உள்ளே வரிசை வரிசையாகக் கடிதங்கள், ஆளுக்கோர் எண். உரிமத்தை நீட்டியபோது கவுண்டரில் இருந்த பெண் "வீட்டுக்கு வந்ததுக்குச் சந்தோஷம்" என்றார். எல்லோரிடமும் சொல்வதுதான். எனக்கு வந்திருந்தது ஒரே ஒரு கடிதம், பல் காப்பீட்டு விளம்பரம்.

கேப்டனுக்கு ஒதுக்கிய இடம் கழிவுக் குழாயும் மின்சாரமும் தண்ணீரும் உள்ள தளம். சுற்றியிருந்த வண்டிகளின் டயர்களுக்கெல்லாம் வெள்ளை உறை போட்டிருந்தது, வெயில் படாமல் இருக்க. இனி ஓடாத டயருக்கு எதற்கு உறை என்று அந்தப் பெண் என் காதில் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. கேப்டனுக்கும் ஒரு ஜோடி வாங்கி வந்து மாட்டினோம்.

மாலையில் நான் மண்டியிட்டுக் கழிவுக் குழாயை இணைத்துக்கொண்டிருந்தேன். கேப்டன் கதவுப் படியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து, நான் இருக்கும் பக்கத்துக்குச் சற்று விலகி, மரங்களைப் பார்த்தபடி இருந்தார்.

"மாட்டியாச்சு" என்றேன்.

"பிளாக் வால்வு?"

"மூடியிருக்கு கேப்டன்."

"இழுத்துப் பாரு."

இழுத்துப் பார்த்தேன்.