தொடாதீர்கள்!

"தம்பி, செருப்பை எங்கே விடுறது?"

சென்ற கோடை விடுமுறையில் தஞ்சை அரண்மனையிலுள்ள கலைக்கூடத்தில் நான் உதவியாளனாக இருந்த நாற்பது நாட்களில், என்னிடம் மிகப் பலர் கேட்ட கேள்வி இதுதான். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்பவர்கள், உள்ளே வரிசையாக நிற்கும் நடராசரையும் அம்மையையும் கண்டதும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். "இது கோயில் இல்லீங்க, செருப்போடயே வரலாம்" என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? தூணோரம் கழற்றி வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

கலையார்வம் என்னை அங்கே இழுத்துச் சென்றது என்று எழுத ஆசைதான். ஆனால் உடன் படிக்கும் நண்பர்கள் இதைப் படிப்பார்களே! பருவத் தேர்வுக் கட்டணம் கண்முன் நின்றது. பேராசிரியர் ஒருவர், "விடுமுறையில் சும்மா இருக்காதே" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார், போனேன். அதற்கு முன்பும் தஞ்சைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன், உரக் கடைக்கும் மருத்துவமனைக்கும். அரண்மனை மதிலை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

காலையில் பீடங்களைத் துடைக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் வரிசையில் விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "தொடாதீர்கள்" என்று சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை முறை சொல்கிறேன் என்று ஒருநாள் எண்ணத் தொடங்கி, மதியத்துக்குள் எண்பதைத் தாண்டியதும் அந்தக் கணக்கைக் கைவிட்டேன். சிலவே கண்ணாடிக்குள் இருக்கின்றன. கற்சிலைகள் பலவும் திறந்த மேடையில் நிற்பவை. தாராசுரத்திலிருந்து வந்த கல்லைப் பார்ப்பவர் எவருக்கும் விரல் துறுதுறுக்கத்தான் செய்யும். எனக்கே துறுதுறுத்தது.

தொடக்கூடாது என்பதற்குக் காரணம் என்னவென்று யோசித்தபோதுதான், நான் வேதியியல் மாணவன் என்பது எனக்கே நினைவுக்கு வந்தது. சிலை வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு. உப்புள்ள மண்ணில் பல நூற்றாண்டுகள் புதைந்து கிடந்த சிலைக்குள் குளோரைடு ஊறிப் போயிருக்கும். பிறகு காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் உள்ளிருந்தே அரிப்புத் தொடங்கும். மேலே வெளிர்பச்சைப் பொடி பூக்கும். 'வெண்கல நோய்' என்றே இதற்குப் பெயர். நம் உள்ளங்கை வியர்வையில் இருப்பதும் அதே குளோரைடுதான். முதலாண்டுச் செய்முறை வகுப்பில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை ஊற்றி, தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவைக் கண்டு பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கினோமே, அதே குளோரைடு! மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த ஒன்று, ஆயிரம் ஆண்டுச் சிலையைத் தின்னக்கூடியது என்று அப்போதுதான் உறைத்தது. சென்னை அருங்காட்சியகத்தில் இத்தகைய சிலைகளைக் காப்பதற்கென்றே 1930களில் ஒரு வேதியியல் ஆய்வகம் ஏற்பட்டதாம். பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவனுக்கு இப்படியும் ஒரு வேலை உண்டென்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கலைக்கூடம் 1951இல் தோன்றியது. கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளெல்லாம் இங்கே வந்து சேர்ந்ததில் தொ. மு. பாஸ்கரத் தொண்டைமானின் முயற்சிக்குப் பெரும்பங்குண்டு. இவற்றுள் என்னை முழுவதுமாக ஆட்கொண்டவர் ஒருவர். திருவெண்காட்டு ரிஷபவாகனர்.

ஏறத்தாழ மூன்றரை அடி உயரம். பாம்புகளைச் சேர்த்துச் சுற்றிய சடை, தலைப்பாகை கட்டியதுபோல் இருக்கும். ஒரு கால் மற்றொன்றின் குறுக்கே ஒயிலாக நிற்கும். ஒரு கை இடுப்போரம். மற்றொரு கை மடங்கி, அந்தரத்தில் எதன்மேலோ ஊன்றியதுபோல் நிற்கும். அது ஊன்றியிருந்தது காளையின் மேல். காளைதான் இல்லை! முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011இல், இந்தத் திருமேனி எழுந்தருளுவிக்கப்பட்டதைத் திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டுச் சொல்கிறது. அருகில் நிற்கும் தேவி அடுத்த ஆண்டு, 1012இல் வந்தவள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். பிறகு மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். உடைந்த அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. ஆகவே இவருக்கு இவரே சோடி.

"காளை எங்கேப்பா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பார்த்தால் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் போலத் தோன்றியது. எனக்கோ வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆன மிடுக்கு. "திருடு போயிடுச்சுங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தப் புத்தகத்தில் படித்தாய்? சிலை மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. காளை அதோடு கிடைக்கவில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லேன், என்ன குறைந்துவிடும்?" அன்று மாலையே பொது நூலகத்துக்குப் போனேன். மேலே நான் அடுக்கியிருக்கும் ஆண்டுகளெல்லாம் அந்த அவமானத்தில் கற்றவை.

'தொடாதே' என்னும் சொல் எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊரில் ஆண்டுக்கொரு முறை சாமி புறப்பாடு உண்டு. நான்கு வீதியும் சுற்றும். எங்கள் தெருவுக்கு வராது. வாய்க்கால் மதகருகே நின்று பார்ப்போம். பட்டுக்கும் பூமாலைக்கும் நடுவே, தீவட்டி வெளிச்சத்தில் ஒரு முகம் மின்னிவிட்டுத் திரும்பிவிடும். அவ்வளவுதான் எங்கள் தரிசனம். 'தள்ளி நில்லு, தொடாதே' என்பதைக் கேட்டே வளர்ந்து கிழவியானவள் என் அப்பாயி. அதே சொல்லோடு 'ங்கள்' என்று ஒரு மரியாதையைச் சேர்த்து நாளெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் வாரம் அது நாக்கில் இடறிற்று.

வைகாசியில் அப்பாயிக்குத் தஞ்சையில் கண்புரை அறுவை நடந்தது. மறு பரிசோதனைக்கு வந்த நாளில், அப்பா அவளை என்னிடம் விட்டுவிட்டு மருந்து வாங்கப் போனார். கறுப்புக் கண்ணாடியோடு அவள் மெல்ல மெல்ல நடந்தாள். செருப்பைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவள் காலில் செருப்பே இல்லை. நான் நேராக ரிஷபவாகனரிடம் அழைத்துப் போனேன்.

நெடுநேரம் பேசாமல் நின்றாள். பட்டில்லை, மாலையில்லை, தீவட்டிப் புகையில்லை. ஒரு கை தூரத்தில் முழு உருவம். "இம்புட்டுக் கிட்டக்க நான் சாமியப் பாத்ததே இல்ல ராசா" என்றாள் தணிந்த குரலில்.

அவள் கை மெல்ல எழுந்து தேவியின் பாதத்தை நோக்கி நீண்டது. எனக்கு நெஞ்சு அடைத்தது. எண்பது முறை சொன்ன வாய்க்கு எண்பத்தொன்றாம் முறை வரவில்லை. சொல்லாமல் இருப்பதும் தவறு. என்ன செய்வதென்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கை ஒரு சாண் தொலைவில் தானாகவே நின்றுவிட்டது.

"தெரியும்டா. நம்ம தொடக்கூடாது."

"நம்ம மட்டும் இல்ல அப்பாயி! யாருமே தொடக்கூடாது. கையில உப்பு இருக்கு. அது செம்ப அரிச்சிடும். பெரிய ஆபீசரு வந்தாலும் வெறுங்கையால தொடக்கூடாது." பெருமூச்சு விடாமல் குளோரைடு வரைக்கும் சொல்லி முடித்தேன். அவ்வளவு வேகமாக நான் செய்முறைத் தேர்வின் வாய்மொழிக் கேள்விகளுக்குக்கூடப் பதில் சொன்னதில்லை.

அவள் யோசித்தாள். பிறகு கேட்டாள்: "ஐயரு வந்தாலுமா?"

"ஐயரு வந்தாலும்தான்."

"அவரு கையிலயும் அதே உப்புதானா?"

"அதே உப்புதான்."

அப்பாயி சிரித்தாள். பொக்கை வாய் தெரிய, தோள் குலுங்க, கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே நீர் வழிய அப்படிச் சிரித்தாள். அறுவை செய்த கண்ணுக்கு ஆகாதே என்று நான் பதறினேன். கேரளத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது.

சிரித்து ஓய்ந்து, மறுபடியும் ரிஷபவாகனரைப் பார்த்தாள். அந்தரத்தில் நிற்கும் கையைப் பார்த்தாள். "மாட்டு மேல சாஞ்சு நிக்கிறாரு, இல்ல?" என்றாள். காளையைப் பற்றி நான் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை! "உங்க தாத்தா ஏரவுத்துட்டு இப்படித்தான் நிப்பாரு. ஒரு காலத் தூக்கிக் குறுக்க வச்சுக்கிட்டு, திமிலுக்குப் பக்கத்துல கையப் போட்டுக்கிட்டு. மாடும் அசையாம நிக்கும்."

"மாடு எங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க அப்பாயி."

"மேயப் போயிருக்கும். சாமி அவுத்து விட்டிருப்பாரு."

அப்பா வந்துவிட்டார். அன்று மாலை நானும் அவர்களோடு ஊருக்குப் பேருந்து ஏறினேன். அப்பாயி சன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் யாரோ எவரோ. பேருந்து நகர்வதற்குள், "எம் பேரன் சாமிக்குக் காவலா இருக்கான்" என்று தொடங்கிவிட்டாள். எங்கள் ஊர் வருவதற்குள் முன்னும் பின்னும் நான்கு வரிசைக்குச் செய்தி பரவிவிட்டது. நடத்துநரிடம் சில்லறை வாங்கும்போதும் அதே பேச்சு:

"அங்க ஐயரு கூடத் தொடக்கூடாதாம், தெரியுமா தம்பி?"