பிரிக்க முடிகிற பூட்டு

யுபிவிசி கதவு ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. முதலில் கைப்பிடியைத் தூக்கும்போது லேசாக இறுகும். சில வாரம் கழித்து, கதவைத் தோளால் ஒரு தள்ளு தள்ளிக்கொண்டு தூக்க வேண்டியிருக்கும். பிறகு சாவி கடைசிக் கால் சுற்றில் முரண்டுபிடிக்கும். வீட்டில் இருப்பவர்கள் புகார் சொல்ல மாட்டார்கள், உடம்பை மாற்றிக்கொள்வார்கள். "அத இப்படித் தூக்கிப் பிடிச்சு இழுக்கணும்" என்று விருந்தாளிக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு அந்தக் குறை வீட்டுப் பழக்கத்தில் ஒன்றாகிவிடும். ஒருநாள் கைப்பிடி எந்த எதிர்ப்பும் இல்லாமல் லொடலொடவென்று கீழே தொங்கும். அன்றைக்குக் கதவின் எந்தப் பக்கம் நாம் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து மீதிக் கதை.

எங்கள் ஊர் சேவுகம்பட்டி. வத்தலக்குண்டுப் பக்கம், பட்டிவீரன்பட்டிக்கு அடுத்து இருக்கும் பேரூராட்சி. வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தால் அது தை மாதம் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடும் திருவிழாவால்தான். அன்று எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தவே முடியாது. யார் யாரோ வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். தாத்தா கட்டிய முன்கட்டில் இன்னும் அந்தக் காலத்து இரட்டைக் கதவுதான். நாதாங்கி, கொண்டி, வெளியூர் போனால் மட்டும் ஒரு திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. அந்தக் கதவில் எது கெட்டாலும் என்ன கெட்டது என்று கண்ணுக்குத் தெரியும். ஆணி கழன்றிருக்கும், அல்லது நாதாங்கி வளைந்திருக்கும், அல்லது மழையில் பலகை ஊதியிருக்கும்.

மாடி அறை வேறு காலத்தைச் சேர்ந்தது. எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு கட்டியது. இரவில் அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங், வெளியே ஆடி மாதத்துக் குழாய் ஸ்பீக்கர். அதனால் இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் இரண்டும், மொட்டைமாடிக்குத் திறக்கும் இரட்டைக் கண்ணாடிக் கதவு ஒன்றும் வைத்தோம். 5 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. இடைவெளி, மறுபடி 5 மி.மீ. கண்ணாடி. சத்தம் முழுக்க நிற்காது, ஆனால் பாட்டு எது என்று அடையாளம் தெரியாத அளவுக்கு அமுங்கிவிடும்.

இவை நம் ஊருக்காகப் பிறந்தவை அல்ல. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றை அடைத்து விளிம்பை மூடும் யோசனைக்கு தாமஸ் ஸ்டெட்சன் என்பவர் 1865இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். பிவிசி சட்டம் போட்ட ஜன்னல் 1950களில் ஜெர்மனியில் வந்தது. குளிரை வெளியே நிறுத்தச் செய்த பொருட்கள் இங்கே சத்தத்தையும் புழுதியையும் ஏசிக் காற்றையும் பார்த்துக்கொள்கின்றன. கூடவே அந்த ஊர்களின் பூட்டும் வந்து சேர்ந்தது. கைப்பிடியை மேலே தூக்கினால் கதவின் விளிம்பில் ஆள் உயரத்துக்கு ஓடும் ஒரு பட்டை நகர்ந்து, மேலும் கீழும் இருக்கும் கொக்கிகளை நிலைக்குள் தள்ளும். கீழே அழுத்தினால் கொக்கிகளும் தாழ்நாக்கும் உள்ளிழுத்துக்கொள்ளும். இவ்வளவையும் நடத்துவது நடுவில் இருக்கும், தீப்பெட்டிகள் நாலைந்தை அடுக்கிய அளவிலான ஒரு கியர்பெட்டி. கைப்பிடியின் சதுரக் கம்பி அதற்குள் ஒரு சதுர ஓட்டையில் நுழைகிறது. கதவின் மொத்த பாரமும் நம் கையின் மொத்தக் கோபமும் கடைசியில் வந்து இறங்குவது அந்த ஓட்டையின் நான்கு மூலைகளில்.

போன மே மாதம், நான் அலுவலகம் கூப்பிட்டுச் சென்னையில் இருந்த வாரம், அம்மா மாடி அறையைக் கூட்டப் போனாள். மத்தியானம் ஒரு மணி. காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்நாக்கு மட்டும்தான் விழுந்திருந்தது, கைப்பிடியை அழுத்தினால் திறந்திருக்க வேண்டும். அழுத்தினாள். கைப்பிடி வெறுமனே சுற்றியது.

போன் கீழே அடுப்படியில். தெருப்பக்க ஜன்னலின் கைப்பிடியோ ஆறு மாதமாகவே வெறுஞ்சுற்று. பொருத்திக்கொடுத்த கம்பெனிக்கு நான்கு முறை சொல்லியாயிற்று, ஒவ்வொரு முறையும் புகார் எண் மட்டும் வந்தது. இன்னொரு ஜன்னல் தோப்பைப் பார்த்தது. அதைத் திறந்து கத்தினாள், தென்னைமரங்களைத் தவிர அந்தப் பக்கம் யாரும் இல்லை. தெருப்பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டாள். கீழே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. வெளிச்சத்தத்தை உள்ளே விடாத கண்ணாடி உள்சத்தத்தையும் வெளியே விடாது. கடையில் யாரும் இதை விளம்பரத்தில் சொல்வதில்லை.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். மேற்கு வெயில் இறங்கும் அறையில் கரண்ட் இருந்ததால் ஏசி ஓடியது, அதை மட்டும் நினைத்து இப்போதும் நான் மூச்சு விட்டுக்கொள்கிறேன். நாலு மணிக்குப் பால்காரர் வந்து மணியடித்து, ஆள் வரவில்லையே என்று நிமிர்ந்து பார்த்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் சிவப்புத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

பின்பக்க வழியாக மாடி ஏறிய பால்காரர் வெளிக் கைப்பிடியை அழுத்திப் பார்த்தார். அதுவும் சுற்றியது. இரண்டு கைப்பிடிகளுக்கும் கம்பி ஒன்று, ஓட்டை ஒன்று. அவர்தான் பட்டிவீரன்பட்டியில் இந்தக் கதவு வேலை செய்யும் அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் வந்ததும் உள்கைப்பிடியின் இரண்டு ஸ்குரூவைக் கழற்றச் சொல்லலாம் என்று பார்த்திருக்கிறார். உள்ளே திருப்புளி இல்லை. கதவின் அடியில் விடலாம் என்றால் காகிதம்கூட நுழையாத ரப்பர். கீழே போய், "வளையுற மாதிரி கெட்டியா எதுனாச்சும் இருக்கா?" என்று கேட்டு, அலமாரி மேலிருந்த அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு வந்தார். ரப்பரை விலக்கி, அந்த ஃபிலிமை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் செலுத்தித் தாழ்நாக்கைத் தள்ளியதும் கதவு திறந்தது. "என் மூட்டுதான்டா கதவத் தொறந்துச்சு" என்று அம்மா அன்றிரவு போனில் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த அறைக்குப் போகும்போதெல்லாம் கதவிடுக்கில் அம்மிக் குழவியைக் கொண்டுவந்து வைத்தாள். நான் ஊருக்கு வந்த பிறகும் அது அங்கேயே இருந்தது.

கம்பெனியில் இந்த முறை பதில் வந்தது. அந்த மாடல் இப்போது வருவதில்லை, கியர்பெட்டி தனியாகக் கிடைக்காது, முழுப் பூட்டையும் மாற்ற வேண்டும், புதுப் பூட்டுக்குச் சட்டத்தில் வெட்டியிருக்கும் இடம் பொருந்தாது, ஆகவே கதவையே மாற்றிவிடலாம். மென்பொருள் வேலையில் இந்த வாக்கியத்தை நானே வேறு சொற்களில் எழுதியிருக்கிறேன், படித்துமிருக்கிறேன். 'இந்தப் பதிப்புக்கு இனி ஆதரவு இல்லை' என்பதுதான் அது. திரையில் படிக்கும்போது அது ஒரு அறிவிப்பு. மூடிய அறைக்குள் மூன்று மணி நேரம் நின்றவளுக்கு அது வேறு.

அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் பூட்டைத் தொடவே இல்லை. முதலில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, புறாக்கூடு மாதிரி தொங்கிய கைப்பிடியைக் கழற்றி, ஒரு திருப்புளியால் பட்டையை மெல்ல நகர்த்திப் பார்த்தார். கொக்கிகள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. கதவைச் சாத்திவிட்டு அதையே செய்தார். நகரவில்லை.

"தொறந்திருக்கைல லேசா ஓடுது, சாத்துனா இறுகுதுன்னா நோய் பூட்டுல இல்ல தம்பி. கீல்ல இருக்கு. எல்லாரும் பூட்டப் போட்டு உடைப்பாங்க. பாவம், அது என்ன செய்யும்?"

கதவு தாழ்ந்திருந்தது. பிவிசி வெயிலில் நீளும் பொருள். மீட்டருக்கு, 10 டிகிரி ஏறினால், ஏறத்தாழ 0.6 முதல் 0.8 மி.மீ. வரை. எங்களுடையது இரண்டு மீட்டர் உயரம், மேற்குப் பார்த்தது, அதிலும் தேக்கு நிற ஃபிலிம் ஒட்டியது. வெள்ளையைவிட அது அதிகம் சூடேறும். காலைக்கும் பிற்பகலுக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் இரண்டரை, மூன்று மி.மீ. உள்ளே செருகிய இரும்புச் சட்டம் இதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். கொக்கி நுழைய வேண்டிய வாயில் அந்த அளவுக்கு இடம் விட்டிருக்க மாட்டார்கள். காலையில் பூட்டும் கதவு மத்தியானம் பூட்டாமல் போவதன் ரகசியம் இதுதான்.

தாழ்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஓரத்துப் பட்டிகளைத் தட்டி எடுத்து, கண்ணாடியைச் சுற்றியிருந்த சின்னப் பிளாஸ்டிக் சில்லுகளைக் காட்டினார். இந்தக் கதவுகளில் சட்டம் கண்ணாடியைத் தாங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். கண்ணாடியும் சட்டத்தைத் தாங்குகிறது. கீழ்க்கீல் மூலையிலும் அதற்குக் குறுக்கே எதிர்மூலையிலும் சில்லு வைத்து இறுக்கினால், கண்ணாடி ஒரு குறுக்குச்சட்டம்போல நின்று கதவைத் தொங்கவிடாது. இரும்பு கேட்டில் மூலைக்கு மூலை ஒரு கம்பி வைத்துப் பற்றவைப்பார்களே, அதே வேலை. எங்கள் கதவில் நான்கு சில்லும் கீழேயே கிடந்தன. அவற்றை மாற்றி வைத்தார். பிறகு கீலின் மூடியைக் கழற்றி அல்லன் கீயால் அரைச் சுற்று, கால் சுற்று என்று கதவை மேலேயும் பக்கத்திலும் நகர்த்தினார். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் எழுந்து சாத்திப் பார்த்தார். வேலை நேரத்தில் பாதி இதற்குத்தான் போனது.

அதற்குப் பிறகே கியர்பெட்டியை வெளியே எடுத்தார். நான்கு ரிவிட் அடித்து மூடிய பெட்டி. உள்ளே, துத்தநாகக் கலவையில் வார்த்த சதுர ஓட்டைத் துண்டு இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. ஜன்னலிலும் இதன் தம்பிதான் போயிருந்தது. அங்கே அளவு 7 மி.மீ. கம்பி, அதற்குக் கியர் கடையில் கிடைக்கிறது என்று அன்றைக்கே மாற்றிவிட்டார். ஜன்னலின் மடக்குக்கீல் தடத்தில் மூன்று வருடப் புழுதி களிம்பாகப் படிந்திருந்தது. அதைத் துடைத்து, தளர்ந்திருந்த உராய்வு ஸ்குரூவை முடுக்கினார். ஆறு மாதமாகப் புகார் எண்களாக மட்டும் இருந்த வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது.

கதவின் துண்டை அவர் திண்டுக்கல்லுக்கு எடுத்துப்போனார். இளவயதில் அங்கே ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். நான்கு நாள் கழித்துப் பித்தளையில் அதே துண்டு வந்தது. பழக்கமான பட்டறையில் உட்கார்ந்து தானே அரத்தால் ராவியதாகச் சொன்னார். எப்படி அளவெடுத்தீர்கள் என்றதற்கு, உடைந்ததைக் காட்டினார். "இதவிட வேற என்ன அளவு வேணும்?"

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்திகளில் அதைக் கைவினைப் பெருமையாகவும், அலிகார் பூட்டின் விலையோடு போட்டிபோட முடியாமல் நலியும் தொழிலாகவும் எழுதினார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அந்த நகரம் பூட்டு என்ற பொருளைத் தாண்டிச் சேர்த்துவைத்திருக்கும் ஒன்று உண்டு. லீவர் பூட்டில் ஒவ்வொரு லீவரையும் சாவியின் பல் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைந்தாலும் திறக்காது, கூடினாலும் திறக்காது. மயிரிழை அளவைக் கையாலும் காதாலும் அறிந்து ராவுகிறவர்கள் அங்கே தலைமுறைகளாக இருந்திருக்கிறார்கள். அந்தக் கைதான் ஜெர்மன் பாணிக் கதவின் கியர்பெட்டிக்குள் போய் வேலை செய்தது. கூலி குறைந்து ஆட்கள் வேறு வேலைக்குப் போகும்போது நாம் இழப்பது மாங்காய்ப் பூட்டை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவும் பிறகு ஒரு இணையவாசலும் அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். கதவு அதில் இல்லை. அதை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். கதவு ஒரு இயந்திரம் என்று நமக்கு இன்னும் பழகவில்லை.

பித்தளைத் துண்டை உள்ளே வைத்தபின் அண்ணன் பெட்டியை மூடிய விதம்தான் எனக்கு முக்கியம். வெட்டியெடுத்த ரிவிட்டுகளுக்குப் பதில் ரிவிட் அடிக்கவில்லை. ஓட்டைகளுக்கு மரை போட்டு நான்கு சின்ன ஸ்குரூக்களை முடுக்கினார்.

"ஏன்ணே, ரிவிட்டே அடிச்சிருக்கலாமே?"

"அடிக்கலாம். அடுத்து கெட்டா வர்றவன் மறுபடி வெட்டணும்ல. நானே வருவேன்னு என்ன நிச்சயம்?"

பூட்டு திருடனுக்குத் திறக்கக் கூடாது. அது எல்லோருக்கும் தெரியும். பழுதுபார்க்க வருகிறவனுக்கு அது திறக்க வேண்டும் என்பதைச் செய்கிற இடத்திலேயே யாராவது நினைத்தால்தான் உண்டு. கம்பெனிக்காரர்கள் முதல் பாதியை நன்றாகவே செய்திருந்தார்கள். இரண்டாம் பாதியைப் பட்டிவீரன்பட்டிக்காரர் ஒருவர் நான்கு ஸ்குரூவில் செய்தார்.

போவதற்கு முன் கதவின் விளிம்பில், சாத்தினால் மறைந்துவிடும் இடத்தில், மார்க்கரால் மூன்று எண்கள் எழுதினார்: 35, 92, 8. பூட்டின் முகத்தகட்டிலிருந்து சாவித்துளையின் நடு வரைக்கும், கைப்பிடியிலிருந்து சாவித்துளை வரைக்கும், பிறகு சதுரக் கம்பியின் பருமன். எல்லாம் மி.மீ. கணக்கு. இந்த மூன்றும் தெரிந்தால் எந்த ஊரிலிருந்தும் பொருந்துகிற பூட்டைத் தேடலாம். இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களும் தங்கள் வீட்டுக் கதவை ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளலாம். மாடல் பெயர் மாறும், அளவு மாறாது.

அம்மா எல்லாவற்றையும் நின்று பார்த்தாள். கைப்பிடியை மேலே தூக்கி, கீழே அழுத்தி, பத்துத் தடவை சாத்தித் திறந்தாள். ஒரு விரலுக்கு ஓடியது. பிறகு அண்ணனிடம், "தம்பி, அந்த ரெண்டு ஸ்குரூவ எப்படிக் கழட்டுறதுன்னு எனக்குக் காட்டுங்க" என்றாள். கைப்பிடியின் மூடியைத் திருப்பி, மேலும் கீழும் ஒவ்வொன்று என்று அவர் காட்டினார். அம்மா அவர் முன்னாலேயே ஒருமுறை கழற்றி மாட்டினாள்.

அம்மிக் குழவி அடுப்படிக்குப் போய்விட்டது. மாடி அறை ஜன்னல் கம்பியில் இப்போது ஒரு திருப்புளி சணல் கயிற்றில் தொங்குகிறது. வீடியோ மீட்டிங்கில் என் தோளுக்குப் பின்னால் அது தெரியும். என்னவென்று இதுவரை யாரும் கேட்டதில்லை.