கரண்ட் போனால் ஆல்ஃபா தெரியும்

உடம்பின் சிக்னலை இசையாக்க இன்று பெரிய முதலீடு தேவையில்லை. இதயத்துடிப்புக்கென்று வரும் ஏடி8232 பலகை, ஒரு ஆர்டுயினோ, ஜெல் தடவிய மூன்று பட்டைகள், லேப்டாப்பில் இலவச மென்பொருளான ப்யூர் டேட்டா. மூளையலைக்கு டெல்லியின் அப்சைட் டவுன் லேப்ஸ் செய்யும் பயோஆம்ப் இஎக்ஸ்ஜி பில் பொருந்தும். சென்னை ரிச்சி தெருவில் பாதி சாமான் அகப்படும், மீதி கூரியரில் தஞ்சாவூருக்கே வந்துவிடும். கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

*

கண்மூடி இருக்கையில் தலைமேல் கிடைக்கும் ஆல்ஃபா என்ற மூளையலை சில பத்து மைக்ரோவோல்ட். சுவர் பிளக்கில் 230 வோல்ட். உடம்பே ஏரியலாகி வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸை இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் மோட்டார் கொட்டகை இருந்து, மும்முனை மின்சாரம் வரும் நேரமும் ஆகிவிட்டால் திரையில் மூளைக்கு இடமே இல்லை.

இந்த இரைச்சலுக்கும் ஒரு சுருதி உண்டு. 50ஐ இரண்டு ஸ்தாயி மேலே கொண்டுபோனால் 200. ஐந்து கட்டை ஷட்ஜம் 196. நம் மின்சாரம் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் தூக்கலாகப் பாடிக்கொண்டிருக்கிறது.

பேட்டரியில் ஓடும் லேப்டாப்போடு வரப்பில் போய் உட்கார்ந்தால் அலை தெளியும். வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால் கரண்ட் போகக் காத்திருக்கலாம். கரண்ட் போனதற்குச் சந்தோஷப்படும் ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம்.

*

1965இல் அமெரிக்காவின் ப்ராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் தலையில் மின்முனைகளோடு கண்மூடி உட்கார்ந்தார். ஆல்ஃபா நொடிக்கு 8 முதல் 13 முறை அதிரும். 20க்குக் கீழே நம் காதுக்கு எட்டாது. எனவே அதைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பி, அந்த அதிர்விலேயே மேளங்களையும் காங்குகளையும் ஒலிக்கவிட்டார். அன்று கூடமாட உதவியவர் இன்னொரு இசையமைப்பாளர் ஜான் கேஜ். அதே கேஜ் 1946இல் நியூயார்க்கில் இசைக்கலைஞர் கீதா சாராபாயிடம் நம் சங்கீதம் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டவர். கேஜின் கூட்டாளி டேவிட் ட்யூடர் 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு மூக் சின்தசைசரைக் கொண்டுவந்து நிறுவினார். கீதாவும் அதில் இசை செய்தார். மின்னணு இசை நமக்கு நேற்று வந்ததல்ல.

*

ஆல்ஃபா பின்மண்டையில்தான் பலமாக இருக்கும். அங்கே முடி, முடியில் எண்ணெய். சனிக்கிழமை எண்ணெய்த் தலையில் எந்தப் பட்டையும் ஒட்டாது. நெற்றிக்கு வந்தால் விபூதியைத் துடைக்க வேண்டும். துடைத்தாலும் அங்கே கிடைப்பது பெரும்பாலும் இமை கொட்டுவதும் புருவம் சுருங்குவதும்தான். நெற்றிப்பட்டை கட்டி, “என் எண்ணம் வாசிக்கிறது” என்பவர்களில் பாதிப் பேருக்குப் புருவம் வாசிக்கிறது.

திருவையாறு ஆராதனையில் கண்மூடிக் கேட்கும் ரசிகர் ஆல்ஃபாவுக்கு உத்தமமான ஆள். ஆனால் “பேஷ்” என்று தலையை ஆட்டிவிடுவார். அத்தோடு எல்லாம் கலைந்தது.

*

1961இல் டெல்லி எய்ம்ஸில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் யோகிகளின் மூளையலையைப் பதிவுசெய்து வெளியிட்டார்கள். கையை 4 டிகிரி குளிர்நீரில் முக்கால் மணிக்கு மேல் வைத்திருந்தும் இருவரிடம் ஆல்ஃபா குலையவில்லை. நம் போன்றவர்களுக்குத் தெருவில் ஹார்ன் அடித்தால் போய்விடும். அதனால் என் கட்சி: மூளையை விடுங்கள், நாடியையும் விரல் வியர்வையையும் பிடியுங்கள். இதயத்தின் மின்துடிப்பு ஒரு மில்லிவோல்ட் அளவு வரும். வியர்வைக்கு இரண்டு விரலில் அலுமினியத் தாளும் ஒரு ரெசிஸ்டரும் போதும். சித்திரையில் வேண்டாம், எல்லாருக்கும் கை ஈரமாகவே இருக்கும். மார்கழியில் செய்யலாம்.

*

நாடியைத் தாளத்துக்குக் கொடுப்போம் என்றுதான் முதலில் தோன்றும். கூடவே கூடாது. கல்பனாஸ்வரம் சூடுபிடித்தால் பாடுபவரின் நாடி ஏறும், தாளம் ஏறும், தாளம் ஏறியதால் நாடி இன்னும் ஏறும். காலப்பிரமாணம் எங்கேயோ ஓடிவிடும். மிருதங்கக்காரர் நம்மை அடிக்க வருவார். சுருதிக்குக் கொடுப்பது அதைவிடப் பாவம்.

வியர்வையைத் தம்பூராவுக்குக் கொடுக்கலாம். அது கூடினால் சாரணைத் தந்தி கொஞ்சம் முன்னுக்கு வரட்டும், தணிந்தால் மந்தர ஷட்ஜம் நிறையட்டும். லயம் கையிலேயே இருக்கும். எதை எதோடு இணைப்பது என்பதில்தான் சங்கீத ஞானம் வேலை செய்கிறது, சாலிடரிங்கில் அல்ல.

*

உடம்பிலிருந்து இசை எடுப்பதற்கு எதிர்த்திசையில் போனவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் டி.சி.என். சிங். 1950, 60களில் செடிகளுக்கும் நெற்பயிருக்கும் இசை கேட்கவைத்து, விளைச்சல் கூடியது என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. மடைக்குப் பக்கத்து வயலும் கடைமடை வயலும் ஸ்பீக்கர் இல்லாமலே அவ்வளவு வேறுபடும்.

*

செய்து பார்க்கிறவர்களுக்கு: சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓடும்போது மட்டும் உடம்பில் ஒயரை ஒட்டுங்கள். கரண்டில் ஓடும் ஆம்ப்ளிஃபையருக்கு ஆடியோ கேபிள் போடாதீர்கள், ப்ளூடூத்தில் அனுப்புங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்த விளையாட்டு வேண்டாம்.